கொடுக்கும் கையும் எய்யும் கையும்

ஹட்டனுக்கும் தலவாக்கலைக்கும் இடையே, மலைநாட்டுப் புகையிரதப் பாதையை அணைந்து கிடக்கும் ஊர் கொட்டகலை. அதனைச் சூழ்ந்த தேயிலை மலைகளில் நாள்தோறும் நிகழும் ஒரு காட்சியை அவ்வூரார் அனைவரும் அறிவர். கொழுந்தெடுத்த பெண்கள் தத்தம் சுமையுடன் நிறுக்கும் இடத்தில் வரிசையாக நிற்பர். ஒவ்வொருவர் கொழுந்தும் தனித்தனியே தராசில் ஏறும். ஒவ்வொருவர் பெயருக்கு நேரேயும் இத்தனை கிலோ என்று எழுதப்படும். குறித்த எடைக்குக் குறைந்தால் முழு நாட் கூலி கிடையாது. தோட்டத்துப் பேச்சு வழக்கில் ஒரு நாட் கூலியைப் 'பேர்' என்பர். எடை குறைந்தவளுக்கு 'அரைப் பேர்' தான்.

நிறுத்து முடிந்த கொழுந்து தொழிற்சாலைக்குப் போகிறது. வாட்டுவதற்காக அங்கே பரப்பப்பட்ட பின்னர், இன்ன கொழுந்து இன்னாள் எடுத்தது என்று எவராலும் பிரித்துச் சொல்ல இயலாது. தராசிலே பெயர் உண்டு; தேநீரிலே பெயர் இல்லை. விரைந்து கொழுந்தெடுக்கும் கை படைத்த ஒருத்தி தன் நிரையை எளிதில் முடித்துவிடலாம். அடுத்த நிரை எடுபடாமற் கிடந்தால் அங்குள்ள இலை முற்றிவிடும். முற்றிய இலை கலந்தால் தேயிலையின் தரம் கெடும். ஒருத்தியின் கைத்திறனும் வேண்டும், பலருடைய ஒழுங்கும் வேண்டும் என்னும் பாடத்தைத் தோட்டத் தொழில் சொல்லாமற் சொல்கிறது.

அதே மாலை வேளையில், மலைச்சரிவை வெட்டிச் சமன் செய்த பாடசாலை மைதானங்களில் அப்பெண்களின் புதல்வியர் வலைப்பந்து ஆடிக்கொண்டிருப்பர். பந்து சற்றுக் கை தவறினாலும் தேயிலைச் செடிகளுக்குள் உருண்டோடிவிடும். எடுத்துவர ஒருத்தி ஓட வேண்டும். ஆட்டம் மீண்டும் தொடங்கும். பந்து வளையத்தினுள் விழுந்தவுடன் ஆரவாரம் எழும். ஒரு பெயர் உரத்துக் கூவப்படும். பந்தை எய்தவளின் பெயர் அது. அவள் கைக்கு அந்தப் பந்து வந்து சேர்வதற்கு மூவர் நால்வர் உழைத்திருப்பர். அவர்களுடைய பெயரை யாரும் கூவுவதில்லை.

இங்கேதான் ஒரு வினா எழுகிறது. குழுவாகச் சேர்ந்து ஆடும் ஆட்டத்தில் தனி ஒருவரின் திறமைக்கு எவ்வளவு இடம் கொடுத்தல் தகும்? குழுவின் ஒற்றுமைக்காக அத்திறமை எவ்வளவு தன்னை அடக்கிக்கொள்ளல் தகும்?

மலையகச் சிறுமி ஒருத்திக்கு இது வீண் விவாதம் அன்று. விளையாட்டிற் சிறந்து விளங்கியோருக்குப் பல்கலைக்கழக அனுமதியிலே நம் நாட்டில் தனி ஏற்பாடு உண்டு. மாகாண மட்டத்தில், தேசிய மட்டத்தில் பெற்ற சான்றிதழ் ஒன்று, லயத்து அறையிலிருந்து அவளை வெளியுலகுக்கு அழைத்துச் செல்லும் கதவாக அமையக்கூடும். ஆகவே, 'பந்தைக் கொடு' என்று ஆசிரியர் கூறும்போது, 'கொடுத்தால் என் பெயர் எங்கே வரும்?' என்று அவள் உள்ளம் கேட்குமாயின், அதனைத் தன்னலம் என்று தள்ளிவிடல் ஆகாது. நாள்தோறும் பெயருக்கு நேரே எடை எழுதப்படும் குடும்பத்திற் பிறந்தவள் அவள். பெயரின் அருமை அவளுக்குத் தெரியும்.

இவ்வினாவுக்கு விடை காண, வலைப்பந்துக்கு மூத்ததாகிய கூடைப்பந்தின் வரலாற்றைச் சிறிது நோக்குதல் நன்று. 1891ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் உடற்பயிற்சி ஆசிரியர் அந்த ஆட்டத்தை வகுத்தார். குளிர்காலத்தில் வெளியே ஆட இயலாத மாணவருக்காகப் பழக்கூடைகள் இரண்டை உயரத்தில் மாட்டி, 13 விதிகளை எழுதி அவர் தொடங்கிவைத்த விளையாட்டு அது. பந்தைப் பிடித்தவர் அதனுடன் ஓடலாகாது. பிடித்த இடத்திலிருந்தே எறிதல் வேண்டும் என்பது அவ்விதிகளுள் ஒன்று. எனவே, தொடக்கத்தில் அது முழுக்க முழுக்கக் கொடுத்து வாங்கும் ஆட்டமாகவே இருந்தது. பந்தைத் தரையில் தட்டித் தட்டி நடத்திச் செல்லும் முறை பிற்காலத்தில் வந்து புகுந்தது. அம்முறை புகுந்த பின்னர், ஒருவர் தாமே பந்தைக் கொண்டுசென்று, தாமே எதிரிகளை ஏய்த்து, தாமே எய்துவிடும் வழியும் பிறந்தது.

கூடைப்பந்தில் பந்தை முன்னே நடத்திச் செல்லும் பொறுப்புடையவரை 'கார்ட்' என்பர். யாருக்குப் பந்தைக் கொடுப்பது, எப்போது கொடுப்பது, கொடுக்காமல் தாமே எய்வது எப்போது என்று கணந்தோறும் முடிவு செய்பவர் அவரே. ஆதலால் நாம் எடுத்துக்கொண்ட வினா அவர் கையிலேதான் முதன்முதல் வந்து விழுகிறது.

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் இதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு பீட் மரவிச் என்பவர். லூயிசியானா மாநிலப் பல்கலைக்கழகத்திற்காக 1967 முதல் 1970 வரை மூன்று பருவங்கள் ஆடினார். 83 போட்டிகளில் 3,667 புள்ளிகள். ஒரு போட்டிக்குச் சராசரி 44க்கும் மேல். தூரத்திலிருந்து எய்தால் மூன்று புள்ளி என்னும் விதி அக்காலத்தில் இல்லாதிருந்தும் அவர் எட்டிய எண்ணிக்கை இது. பயிற்றுநர் அவருடைய தந்தையே. அரங்குகள் நிரம்பி வழிந்தன. ஆயினும், அந்த மூன்று ஆண்டுகளில் ஒரு தடவையேனும் அவருடைய அணி தேசியக் கல்லூரிச் சாம்பியன் போட்டிக்குத் தகுதி பெறவில்லை.

அதே மூன்று ஆண்டுகளிலும் அச்சாம்பியன் பட்டத்தை வென்றது லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் கலிபோர்னியாப் பல்கலைக்கழக அணி. அதன் பயிற்றுநர் ஜான் வுடன், பள்ளிக்கூட ஆங்கில ஆசிரியராகத் தொழில் தொடங்கியவர். தம் இளமையில் தாமே சிறந்த 'கார்ட்' ஆக ஆடியவர். 1964 முதல் 1975 வரையான 12 ஆண்டுகளில் 10 தடவை அவர் அணி பட்டம் வென்றது. அவர் தம் மாணவரிடம் வற்புறுத்திய சிறு பழக்கம் ஒன்று உண்டு. புள்ளி பெற்றவர், தமக்குப் பந்து கொடுத்த தோழரைக் கையால் சுட்டியோ, தலையசைத்தோ நன்றி காட்டுதல் வேண்டும் என்பதே அது. அற்பச் செயல் போலத் தோன்றும். ஆனால் ஆயிரக்கணக்கானோர் பார்த்திருக்க, பெயர் அறியப்படாத ஒருவரின் உழைப்புக்கு அந்த ஒரு கணத்தில் பெயர் கிடைத்துவிடுகிறது. மறுமுறை பந்து கொடுக்கும் அவர் கை தயங்காது.

தனித்திறமையை வுடன் வெறுத்தவர் என்று இதனால் எண்ணிவிடலாகாது. பிற்காலத்தில் கரீம் அப்துல் ஜபார் எனப் புகழ்பெற்ற ஏழடிக்கு மேற்பட்ட உயரமுடைய வீரர் 1967, 1968, 1969 ஆகிய மூன்று ஆண்டுகளும் அவர் அணிக்காக ஆடினார். மூன்று ஆண்டுகளும் வெற்றி. அவ்வீரர் கல்லூரியை விட்டு நீங்கினார், 1970இலும் வெற்றி. உயர்ந்தவர் இருந்தபோது அவரைச் சுற்றி ஆட்டம் அமைந்தது. அவர் சென்றபின் ஏனையோரைக் கொண்டு ஆட்டம் அமைந்தது. ஒருவரை நம்பினர், ஒருவரையே நம்பியிருக்கவில்லை. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடுதான் எல்லாம்.

அண்மைக்காலத்தில், ஐயோவா பல்கலைக்கழகத்துப் பெண்கள் அணியில் 'கார்ட்' ஆக ஆடிய கெயிட்லின் கிளார்க், 2024 மார்ச்சில் மரவிச்சின் எண்ணிக்கையைக் கடந்து, 3,951 புள்ளிகளுடன் தம் கல்லூரி ஆட்டத்தை நிறைவு செய்தார். அதே காலத்தில், தோழியர் புள்ளி பெறும்படி அவர் பந்து கொடுத்த தடவைகள் 1,100க்கும் மேற்பட்டவை. கொடுப்பதையும் எய்வதையும் ஒரே கை செய்யக்கூடும் என்பதற்கு அவர் சான்று. அவருடைய அணி 2023, 2024 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் இறுதிப் போட்டிவரை சென்றது. இரண்டிலும் பட்டம் கிட்டவில்லை. மிகச் சிறந்த ஒருவர் அணியை வாயில்வரை கொண்டு செல்லலாம். உள்ளே புகுவதற்கு அனைவரும் வேண்டும்.

இனி, நம் நாட்டுச் சிறுமியர் பெரிதும் ஆடும் வலைப்பந்துக்கு வருவோம். கூடைப்பந்து இங்கிலாந்து சென்று, அங்கே பெண்கள் கல்லூரிகளில் உருமாறிப் பிறந்ததே வலைப்பந்து. நாட்டுக்கு நாடு வேறுபட்டிருந்த அதன் விதிகளை ஒருமைப்படுத்தப் பல நாட்டுப் பிரதிநிதிகள் 1960ஆம் ஆண்டில் கூடிய இடம், அன்று இலங்கை என்றும் சிலோன் என்றும் வழங்கிய நம் நாடே. 1963இல் இங்கிலாந்தின் ஈஸ்ட்போர்ன் நகரில் நடந்த முதலாவது உலகப் போட்டியிலும் நம் நாட்டு அணி ஆடியது.

வலைப்பந்தின் விதிகள், கூடைப்பந்து கைவிட்ட பழைய ஒழுக்கத்தை இன்னும் காத்துநிற்கின்றன. பந்தைத் தட்டி நடத்திச் செல்லல் ஆகாது. பிடித்த பந்தை மூன்று விநாடிக்கு மேல் வைத்திருத்தல் ஆகாது. ஆடுகளம் மூன்று பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு பகுதியை முழுதும் தாண்டிப் பந்தை எறிதல் ஆகாது. ஓர் அணியில் எழுவர். அவர்களுள் பந்தை வளையத்துக்கு எய்யும் உரிமை இருவருக்கே உண்டு. வளையத்தருகில் நிற்கும் முதன்மை எய்வாளர் தமக்குரிய அந்த மூன்றில் ஒரு பகுதியை விட்டு வெளியேறவும் கூடாது. எத்துணைத் திறமை வாய்ந்தவரும் இந்த ஆட்டத்தில் கொடுத்தே ஆகவேண்டும். பிறர் கொடுத்தாலன்றிப் பெறவும் இயலாது.

இவ்விதிகளுக்குள் ஒரு தனித்திறமை எவ்வளவு உயரக்கூடும் என்பதைக் காட்டியவர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த தர்ஜினி சிவலிங்கம். அவர் உயரம் 2.08 மீற்றர், அதாவது ஆறடி பத்து அங்குலம். வளையமோ தரையிலிருந்து 3.05 மீற்றர் உயரத்தில் உள்ளது. கையை உயர்த்தி அவர் பிடிக்கும் பந்தைத் தட்டிப் பறிக்கவல்லார் சிலரே. 2009இல் இலங்கை ஆசியச் சாம்பியன் பட்டம் வென்றபோது அவர் அணியில் இருந்தார். 2011இல் சிங்கப்பூரில் நடந்த உலகப் போட்டியில் சிறந்த எய்வாளர் என்னும் விருதைப் பெற்றார். பின்னர் ஆஸ்திரேலியக் கழக அணிகளிலும் ஆடினார்.

உயரம் மட்டும் இருந்தால் இவை கைகூடிவிடுமா? சற்றே எண்ணிப் பார்த்தல் வேண்டும். பந்து தாழ்ந்து வந்தால் எதிரணியின் காவலர் பறித்துவிடுவர். மிக உயர்ந்து சென்றால் எல்லைக் கோட்டைக் கடந்துவிடும். உயர்த்திய கைகள் இரண்டுக்கும் நடுவே, அவ்வளவு உயரத்தில், அவ்வளவு அளவாகப் பந்தைச் சேர்ப்பிப்பவர் வட்டத்தின் விளிம்பில் நிற்கும் தோழியரே. அதுவும் மூன்று விநாடிக்குள்! 2018இல் சிங்கப்பூர் அணியை அதன் சொந்த மண்ணில், இறுதிப் போட்டியில் 69க்கு 50 என்னும் கணக்கில் வென்று, ஒன்பது ஆண்டுகளின் பின் இலங்கை மீண்டும் ஆசியப் பட்டம் பெற்றது. அணித்தலைவி சத்துரங்கி ஜயசூரிய. பயிற்றுநர் திலகா ஜினதாச. 2022இல் கயாஞ்சலி அமரவங்சவின் தலைமையில் மீண்டும் சிங்கப்பூரில், அதே எதிரணியை 63க்கு 53 என வென்றனர். வடக்கிலே பிறந்த தமிழ்ப் பெண்ணின் கைகளைத் தேடித் தெற்கிலே பிறந்த சிங்களச் சகோதரியர் பந்தைச் செலுத்தினர். நீண்ட போரின் வடுக்களைத் தாங்கிய ஒரு நாட்டில் இது சிறு செய்தி அன்று.

ஆயினும், இவ்விரண்டு வெற்றிகளுக்கும் நடுவே மற்றொரு பாடமும் உண்டு. அதையும் மறைக்காமற் சொல்லுதல் வேண்டும். 2019இல் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் உலகக் கிண்ணப் போட்டி நடைபெற்றது. 16 நாடுகள் ஆடின. அப்போட்டி முழுவதிலும் மிகுதியான கோல்களை எய்தவர் தர்ஜினி சிவலிங்கமே. இலங்கை அணிக்குக் கிடைத்த இடமோ 15ஆவது.

இது யாருடைய குறை? எய்தவருடைய குறை அன்று. அவர் தம் கடமையைச் செவ்வனே செய்தார். ஆட்டத்தின் அமைப்பையே நோக்குதல் வேண்டும். களத்தின் மறுமுனையிலும் ஒரு வளையம் உண்டு. அங்கே எதிரணி எய்யும் பந்தைத் தடுக்க, விதிப்படி, அவர் போக இயலாது. நடுக்களத்தில் பந்தை இழந்தால் அதனை மீட்கவும் அவர் வர இயலாது. ஒரு முனையில் விண்ணைத் தொடும் திறமை நின்றாலும், மற்ற ஆறு இடங்களும் அதற்கு ஈடாக உயர்ந்தாலன்றி, உலகின் வல்ல அணிகளை வெல்லுதல் அரிது. ஆசியக் களத்தில் வெற்றிக்குப் போதுமாயிருந்தது, உலகக் களத்தில் போதவில்லை.

இந்தப் பாடத்தைக் கொட்டகலைப் பாடசாலை மைதானத்துக்குக் கொண்டுவருவோம். ஒரு தோட்டப் பாடசாலையில் உயரமான மாணவி ஒருத்தி அமைந்துவிடுகிறாள் என்று கொள்வோம். ஆசிரியருக்கு மகிழ்ச்சி. 'பந்தை அவளுக்கே கொடுங்கள்' என்கிறார். கோட்ட மட்டத்தில் வெற்றி கிடைக்கிறது. வெற்றி கிடைத்ததும் அதுவே வழக்கமாகிவிடுகிறது. மற்ற ஆறு பேரும் ஆட்டக்காரிகள் என்னும் நிலையிலிருந்து பந்து சுமப்பவர்கள் என்னும் நிலைக்குத் தாழ்ந்துவிடுகின்றனர். துணை எய்வாளர் எய்யும் பழக்கத்தையே மறந்துவிடுகிறாள். வலய மட்டப் போட்டி நாளில் அந்த உயரமான மாணவி காய்ச்சலில் படுத்துவிடுகிறாள். அன்று அந்த அணிக்குக் கையும் இல்லை, காலும் இல்லை.

இதற்கு எதிரான தவறும் உண்டு. அனைவரும் சமம் என்னும் நல்லெண்ணத்தால், யார் திறமைக்கும் தனியிடம் கொடாமல், பந்தைச் சுற்றிச் சுற்றி அனுப்பும் அணியும் தோற்கும். திறமையுள்ளவளை 'அடங்கி ஆடு' என்று ஓயாமல் தட்டிவைத்தால், அவள் ஒருநாள் ஆடுவதையே விட்டுவிடுவாள். தெரிந்து வினையாடல் என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் காட்டிய நெறி, ஒரு செயலை இன்ன காரணத்தால் இவர் முடிப்பார் என்று ஆராய்ந்து, அதனை அவரிடமே விட்டுவிடுதல். வல்லாரிடம் வினையை ஒப்படைப்பது ஒற்றுமைக்குப் பகை அன்று. வல்லார் அனைவரையும் தேடி, ஒவ்வொருவருக்கும் உரிய வினையை ஒப்படையாதிருப்பதே பகை.

அவ்வாறாயின், தனித்திறமைக்கும் குழுவாட்டத்துக்கும் இடையே உள்ளதாக நாம் கருதும் பூசல் உண்மையில் எங்கே இருக்கிறது? பெரும்பாலும் அது களத்தில் இல்லை. கணக்கெழுதும் ஏட்டிலே இருக்கிறது. எய்தவளின் கோலை மட்டும் எழுதி, கொடுத்தவளின் பெயரை எழுதாது விடும்போது, கொடுப்பவளுக்குக் கொடுப்பது இழப்பாகத் தோன்றுகிறது. கூடைப்பந்தில், புள்ளிக்கு வழிசெய்த பந்தளிப்பையும் எண்ணி எழுதுகின்றனர். கிளார்க்கின் 1,100க்கு மேற்பட்ட பந்தளிப்புகள் இன்று உலகுக்குத் தெரிவது யாரோ ஒருவர் அவற்றை எழுதிவைத்ததனால் அன்றோ?

இதனை நம் பாடசாலைகள் செலவின்றிச் செய்யலாம். ஆடுகளத்தின் ஓரத்தில் ஒரு மாணவியிடம் அப்பியாசக் கொப்பி ஒன்றைக் கொடுத்தல் போதும். எய்தவள் யார் என்பதோடு, கடைசியாகப் பந்து கொடுத்தவள் யார், எதிரியிடமிருந்து பந்தை மீட்டவள் யார் என்பதையும் அவள் எழுதுவாளாக. ஒரு தவணை முடிவில் அந்தக் கொப்பியைப் புரட்டிப் பார்த்தால், ஆசிரியர் அதுவரை கவனியாத ஒரு பெயர் அதில் அடிக்கடி காணப்படுவது திண்ணம். பரிசளிப்பு விழாவில் அப்பெயரும் ஒலித்தல் வேண்டும். நற்சான்றிதழ் எழுதும்போது, 'அணியில் ஆடினார்' என்னும் ஒற்றை வரியோடு நிறுத்தாமல், அவள் செய்தது இன்னதென்று எண்களோடு எழுதுதல் வேண்டும். அவளுடைய எதிர்காலத்துக்கு அந்த வரி உதவக்கூடும்.

பயிற்சி நாட்களுள் ஒன்றில், மிகச் சிறந்தவளை வேண்டுமென்றே வெளியே இருத்தி, ஏனையோரை ஆடவிடலாம். வெளியே இருப்பவள் பார்த்துக் கற்பாள். உள்ளே ஆடுபவர் அவளின்றி நிற்கக் கற்பர். எய்பவளைச் சில நாள் கொடுக்கும் இடத்திலும், கொடுப்பவளைச் சில நாள் எய்யும் இடத்திலும் நிறுத்தலாம். உயர்ந்து நிற்பவளின் கைக்குப் பந்தைச் சேர்ப்பது எவ்வளவு கடினம் என்பதைத் தானே செய்து அறிந்தவள், தனக்குப் பந்து கொடுத்தவளை ஒருநாளும் மறக்கமாட்டாள்.

நேயர்களே! மலையகத்திலே ஒரு பிள்ளை படிப்பிலோ விளையாட்டிலோ உயர்ந்துவிட்டால், தோட்டம் முழுவதும் அதனைத் தன் பெருமையாகக் கொண்டாடுகிறது. அது முறையே. அப்பிள்ளையை உயர்த்திய கைகள் பல: இருட்டோடு எழுந்து கொழுந்தெடுக்கப் போன தாயின் கை, தங்கையைப் பார்த்துக்கொண்ட அக்காளின் கை, மேலதிக வகுப்பு நடத்திய ஆசிரியரின் கை. உயர்ந்தவர் அக்கைகளை மறவாதிருத்தல் ஒரு கடமை. அக்கைகளுக்கு உரியவர் 'நாம் வெறும் கைகள்' என்று எண்ணிச் சோராதிருக்கும்படி, அவர்களுடைய பெயரையும் கணக்கில் எழுதுதல் நம் எல்லோருடைய கடமை.

தராசிலே தனித்தனிப் பெயர்; தேநீரிலே ஒரே சுவை. தராசு பொய்த்தால் உழைத்தவளுக்கு நட்டம். சுவை கெட்டால் தோட்டத்துக்கே நட்டம். இரண்டையும் செவ்வையாகக் காத்தல் வேண்டும். நாளை மாலை, அந்தச் சரிவு மைதானத்தில் பந்து வளையத்தினுள் விழும்போது, எய்தவள் ஒரு கணம் திரும்பி, தனக்குப் பந்து கொடுத்தவளை நோக்கிக் கையை நீட்டுவாளாயின், அந்த அணி ஆடக் கற்றுக்கொண்டது என்று துணிந்து கூறலாம்.